தனி உறுப்பினர் கொடுத்த உத்தரவு செல்லுமா? மத்திய நிர்வாகத் தீர்ப்பாய அமர்வு பற்றி

ரயிலடி | 3 பிப்ரவரி 2024

ஊதிய நிர்ணய வழக்கு. ஓ.ஏ.வில் (தீர்ப்பாயத்தில் போடும் மூல மனுவில்) இரண்டு கோரிக்கைகள். ஊதியத்தைத் திருத்தி நிர்ணயிக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குக் குறுக்கே நிற்கும் விதி அரசியலமைப்பின் 14, 16 பிரிவுகளுக்கு முரண், அதை ரத்து செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. நிர்வாக உறுப்பினர் ஒருவரே கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார். நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் 1985, பிரிவு 5(2)-ல் ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு நிர்வாக உறுப்பினரும் சேர்ந்ததுதான் அமர்வு என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே தனி ஆள் போட்ட எந்த உத்தரவும் செல்லாது என்பது என் வாதம். வக்கீல் 5(6)-ஐக் காட்டுகிறார். எது சரி?

அடங்கல் | 3 பிப்ரவரி 2024

"எந்த உத்தரவும் செல்லாது" என்று போக முடியாது. உங்கள் வழக்கில் வலுவான இடம் வேறு.

5(2) தொடங்கும்போதே "இச்சட்டத்தின் மற்ற விதிகளுக்கு உட்பட்டு" என்றுதான் தொடங்குகிறது. 5(6) அதற்கு நேர்மாறாக "மேலே சொன்னவை எப்படியிருந்தாலும்" என்று தொடங்கி, தீர்ப்பாயத்தின் தலைவரோ அவர் அதிகாரம் கொடுத்த உறுப்பினரோ தனியாக அமர்வாகச் செயல்படலாம் என்கிறது. ஆனால் அந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. அந்த உறுப்பினருக்குத் தலைவர் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். எந்த வகை வழக்குகள் என்று பொது உத்தரவோ சிறப்பு உத்தரவோ இருக்க வேண்டும். உங்கள் வழக்கு அந்த வகைக்குள் அடங்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் 5(6) கைகொடுக்காது. நேரே 5(2)-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

வகைப்பட்டியலுக்கு அடிப்படை 1991 டிசம்பரில் தலைவர் போட்ட பொது உத்தரவு. பிறந்த தேதி திருத்தம், இடமாறுதல், விடுப்பு, மருத்துவச் செலவு, எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை), குவார்ட்டர்ஸ், ஊதிய நிர்ணயம், ஓய்வூதியம் மாதிரியானவை அதில் உண்டு. ஊதிய நிர்ணயம் பட்டியலில் இருப்பதால் ரிஜிஸ்ட்ரி (தீர்ப்பாயப் பதிவகம்) உங்கள் ஓ.ஏ.வைத் தனி உறுப்பினர் முன் போட்டிருக்கும். முதல் கோரிக்கையைப் பார்த்தார்கள், இரண்டாவதைப் பார்க்கவில்லை. நடக்கும் தவறு பெரும்பாலும் இப்படித்தான்: வழக்கு வகைக்கு ஒரு குறியீடு போடுகிறார்கள், அந்தக் குறியீடு தலைப்பை வைத்துப் போடப்படுகிறது, கோரிக்கைப் பத்தியை வைத்து அல்ல.

செக்ஷன் 19 | 4 பிப்ரவரி 2024

அமூல்ய சந்திர கலிதா வழக்கு இருக்கிறதே. 1991 (1) எஸ்.சி.சி. (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) 181. நிர்வாக உறுப்பினர் தனியாகக் கொடுத்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 5(2)-ஐச் சொல்லியே ரத்து செய்தது. ரயிலடி சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடங்கல் | 4 பிப்ரவரி 2024

கலிதாவை மட்டும் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போனால் அரசு வக்கீல் அடுத்த நிமிடமே மகாபல் ராம் வழக்கை நீட்டுவார். 1994 (2) எஸ்.சி.சி. 401. கலிதாவில் 5(6) கவனத்துக்கே வரவில்லை என்று அதில் சொல்லி, 5(2), 5(6) இரண்டையும் இணக்கமாகப் படிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 5(6) செல்லும் என்றும் சொல்லியாயிற்று.

ஆனால் மகாபல் ராமை முழுக்கப் படியுங்கள். அது நமக்கு உதவும் தீர்ப்பு. சட்டக் கேள்வியும் அரசியலமைப்புக்குப் பொருள் காண்பதும் உள்ள வழக்குகளைத் தனி உறுப்பினருக்கு ஒதுக்கக் கூடாது என்கிறது. இருவர் அமர்வுக்கு அனுப்புங்கள் என்று ஒரு தரப்பு கேட்டால் தனி உறுப்பினர் சாதாரணமாக அதை ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்பவருக்கு இது சலுகை அல்ல, ஏறத்தாழ உரிமை.

அதற்கு மேல் எல். சந்திரகுமார் வழக்கு. உச்ச நீதிமன்றம், 1997 மார்ச் 18, ஏழு நீதிபதிகள். ஒரு சட்டப்பிரிவையோ விதியையோ அரசியலமைப்போடு உரசிப் பார்க்க வேண்டிய கேள்வி எழுந்தால் 5(6)-ன் காப்புரை (இருவர் கேட்க வேண்டிய வழக்கை மாற்ற வழி செய்யும் இணைப்பு வாசகம்) தானாகவே செயல்படும். குறைந்தது இருவர் அமர்வுக்கு அனுப்பியே தீர வேண்டும். அந்த இருவரில் ஒருவர் நீதித்துறை உறுப்பினராக இருக்க வேண்டும். "தானாகவே" என்பதை அடிக்கோடிடுங்கள். யாரும் மனு போடவில்லை என்ற காரணம் அங்கே எடுபடாது. உங்கள் இரண்டாவது கோரிக்கை நேராக இதற்குள் விழுகிறது.

ரயிலடி | 5 பிப்ரவரி 2024

விசாரணை தொடங்கும்போது நாங்கள் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. இறுதி வாதம் வரை பேசிவிட்டு, தோற்ற பிறகு அமர்வு சரியில்லை என்றால் கேட்பார்களா?

அடங்கல் | 5 பிப்ரவரி 2024

இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வழக்கு பட்டியல் வகைக்குள் முழுக்க அடங்குகிறது, விதி செல்லாது என்ற கோரிக்கை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1991 உத்தரவிலேயே ஒரு நிபந்தனை உண்டு. இருவர் அமர்வு வேண்டுமென்றால் அட்மிஷனுக்கோ இறுதி விசாரணைக்கோ எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் சொல்லாதவர் பின்னால் அதைக் கிளப்ப முடியாது. அந்த இடத்தில் மௌனம் உங்களைக் கட்டும்.

விதியின் செல்லுபடி கேள்வியில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே தனி உறுப்பினருக்கு அதிகாரமே இல்லை. இல்லாத அதிகாரத்தைத் தரப்புகளின் சம்மதம் உண்டாக்கித் தராது என்பது கிரண் சிங் வழக்கிலிருந்து (1954) நிலைத்த கொள்கை. மேல் நிலையிலும் கிளப்பலாம்.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதை ஒளித்து வைத்திருந்து, தோற்றால் எடுக்கலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம். அமர்வு தவறு என்று உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் ஊதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உத்தரவை ரத்து செய்து, இருவர் அமர்வுக்குத் திருப்பி அனுப்பும். ஓ.ஏ. முதலிலிருந்து. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவருக்கு அந்த வெற்றியால் என்ன பயன்? தொடக்கத்திலேயே ஒரு பக்க எம்.ஏ. (ஓ.ஏ.வோடு போடும் துணை மனு) போட்டிருந்தால் அத்தனை காலமும் மிச்சம்.

வடபழனி | 5 பிப்ரவரி 2024

அந்த ஒரு பக்க எம்.ஏ.வில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். ஓ.ஏ.வின் எந்தப் பத்தியில், எந்த உட்பிரிவில் விதியை ரத்து செய்யக் கேட்டிருக்கிறோம் என்று எண்ணோடு எழுதுங்கள். "சட்டக் கேள்விகள் உள்ளன" என்று பொதுவாக எழுதினால் வேலைக்கு ஆகாது. அந்த விதி, அது முரண்படும் அரசியலமைப்புப் பிரிவு, 5(6) காப்புரை, சந்திரகுமார் - நான்கும் ஒரே பத்தியில் வந்துவிட வேண்டும். கோரிக்கை: இருவர் அமர்வு முன் பட்டியலிட வேண்டும். ஓ.ஏ.வோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். ஓ.ஏ.வின் சுருக்கக் குறிப்பிலும் ஒரு வரி போடுங்கள். பரிசீலனை செய்யும் எழுத்தர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மனு போட்டால் மட்டும் போதாது. அன்றைய தினசரி உத்தரவில் அது பதிவாக வேண்டும். "மனுதாரர் தரப்பில் இருவர் அமர்வு கோரப்பட்டது" என்ற வரி இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் கேட்டதற்கு ஆதாரமே இருக்காது.

ஓய்வூதியர் | 6 பிப்ரவரி 2024

உத்தரவைப் பார்த்து யார் எந்த உறுப்பினர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பெயர் இருந்தால் போதுமா?

வடபழனி | 6 பிப்ரவரி 2024

போதாது. உத்தரவின் முதல் பக்கத்தில் வழக்கு எண், தேதிக்குக் கீழே "கோரம்" என்று போட்டு உறுப்பினர்களின் பெயர் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஜே என்றால் நீதித்துறை, ஏ என்றால் நிர்வாகம். இரண்டு ஏ இருந்தாலும் கோளாறு, இரண்டு ஜே இருந்தாலும் கோளாறு. தலைவர் அமர்ந்திருந்தால் அவர் சாதாரணமாக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் என்பதால் நீதித்துறை இடம் நிரம்பிவிட்டது. பக்கத்தில் நிர்வாக உறுப்பினர் இருக்க வேண்டும்.

முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். கடைசிப் பக்கக் கையெழுத்தையும், இறுதி வாதம் நடந்த தேதியின் தினசரி உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாதம் கேட்டவர்கள் ஒரு ஜோடி, கையெழுத்துப் போட்டவர்கள் வேறு ஜோடி என்று இருந்தால் அது தனிக் குறை. கேட்டவரே தீர்மானிக்க வேண்டும் என்பது குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கிலிருந்து (1959) வரும் விதி. தீர்ப்பை ஒத்திவைத்த பிறகு ஒரு உறுப்பினர் பணிக்காலம் முடிந்து போய்விட்டால், மிச்சமுள்ளவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு வெளியிட முடியாது. மறுபடி வாதம் கேட்க வேண்டும். உறுப்பினர் ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். ஒத்திவைத்து வாரக்கணக்கில் உத்தரவு வரவில்லை, அவரது கடைசி நாள் நெருங்குகிறது என்றால் வக்கீல் எழுந்து நினைவூட்ட வேண்டும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

செக்ஷன் 19 | 8 பிப்ரவரி 2024

காலியிடம்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஒரு ஊரில் நீதித்துறை உறுப்பினர் மட்டும் இருக்கிறார், நிர்வாக உறுப்பினர் இடம் காலி. வழக்கு குவிகிறது. அவசரத்துக்கு என்ன வழி? இரண்டு நீதித்துறை உறுப்பினர்களை உட்கார வைத்தால் நீதிக்கு நல்லதுதானே, யாருக்கு நஷ்டம்?

அடங்கல் | 8 பிப்ரவரி 2024

சட்டம் அதை அனுமதிக்கவில்லை. நிர்வாக உறுப்பினர் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. தீர்ப்பாயம் என்ற ஏற்பாடே அரசுப் பணி நடைமுறையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் தீர்மானத்தில் பங்கு கொள்ள வேண்டும் என்பதற்காக வந்தது. நிர்வாக உறுப்பினர்களே வேண்டாம் என்ற வாதத்தைச் சந்திரகுமாரில் ஏற்கவில்லை. டி.பி.சி. (பதவி உயர்வுக் குழு) நடவடிக்கைக் குறிப்பு, ரோஸ்டர் (இடஒதுக்கீட்டுச் சுழற்சி) பதிவேடு, சீனியாரிட்டி பட்டியல் இவற்றைப் படிக்கத் தெரிந்த கண் பக்கத்தில் இருப்பது ஊழியருக்குப் பல சமயம் லாபம்.

வழி 5(4)-ல் இருக்கிறது. தலைவர் ஒரு உறுப்பினரை ஓர் அமர்விலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். மாற்றாமலேயே, ஓர் அமர்வின் உறுப்பினரை வேறோர் அமர்விலும் அதே தகுதியில் செயல்படச் சொல்லலாம். அதாவது எர்ணாகுளத்தின் நிர்வாக உறுப்பினரைச் சென்னையிலும் நிர்வாக உறுப்பினராக அமர்த்தலாம். நீதித்துறை உறுப்பினராக அமர்த்த முடியாது. காணொளி வந்த பிறகு ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துகொண்டு ஒரே அமர்வாகக் கேட்பதும் நடக்கிறது. அப்படி நடந்தால் அதற்கான தலைவரின் உத்தரவின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; அந்தத் தேதிக்கு முன் கேட்ட வாதம் கணக்கில் வராது.

ரயிலடி | 9 பிப்ரவரி 2024

உறுப்பினரின் நியமனமே தவறு என்று பிறகு தெரிந்தால், அதுவும் அமர்வுக் குறைதானா?

அடங்கல் | 9 பிப்ரவரி 2024

இல்லை. இரண்டையும் குழப்பினால் மனு பாழாகிவிடும். பதவியில் அமர்ந்து கடமை செய்தவரின் நியமனம் பின்னால் ரத்தானாலும் அவர் கொடுத்த தீர்ப்புகள் நிற்கும் என்பது கோகராஜு ரங்கராஜு (1981). உங்கள் வழக்குக்குள் அவருடைய நியமனத்தைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு நேரடி வழக்கு வேறு. முறையாக நியமிக்கப்பட்டவர்களே சட்டம் சொன்ன சேர்க்கையில் அமரவில்லை என்பதுதான் அமர்வுக் குறை. அதைத்தான் நாம் பேசுகிறோம்.

காவல்கோட்டம் சாலை | 11 பிப்ரவரி 2024

சி.ஆர்.பி.எஃப். ஊழியர் சென்னை சி.ஏ.டி.யில் (மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில்) வழக்குப் போட்டால் இந்த இருவர் அமர்வு விதி பொருந்துமா?

வடபழனி | 11 பிப்ரவரி 2024

சீருடைப் பணியாளர் என்றால் அங்கே போகவே முடியாது. முப்படைகளையும் ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகளையும் பிரிவு 2 விலக்கி வைக்கிறது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். பணி வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு. முப்படையினருக்கு 2007 சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அங்கேயும் ஒரு நீதித்துறை, ஒரு நிர்வாக உறுப்பினர்தான் அமர்வு.

செக்ஷன் 19 | 14 பிப்ரவரி 2024

இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டால்?

அடங்கல் | 14 பிப்ரவரி 2024

பிரிவு 26. இருவரும் எந்தப் புள்ளியில் வேறுபடுகிறார்கள் என்று எழுதித் தலைவருக்கு அனுப்ப வேண்டும். அவர் தாமே கேட்கலாம். வேறொரு உறுப்பினருக்கோ பலருக்கோ அனுப்பலாம். முதலில் கேட்டவர்களையும் சேர்த்து எண்ணிப் பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. மூன்றாமவர் மேல்முறையீட்டு நீதிபதி அல்லர். அனுப்பப்பட்ட புள்ளியை மட்டும் அவர் தீர்மானிக்க வேண்டும். முதல் இருவரும் ஒத்துப்போன விஷயத்தைக் கிளற அவருக்கு இடமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு வேறுபாட்டுப் புள்ளியை வடிக்காமல் "தலைவருக்கு அனுப்புக" என்று முடித்துவிடும்போது. மூன்றாமவர் முழு வழக்கையும் கேட்க ஆரம்பிப்பார், அவர் மூன்றாவதாக ஒரு முடிவுக்கு வருவார், எதற்கும் பெரும்பான்மை இருக்காது. புள்ளி வடிக்கப்படவில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முதல் அமர்வுக்கே திருப்பி அனுப்பி எழுதி வாங்கக் கேளுங்கள்.

வடபழனி | 15 பிப்ரவரி 2024

இதோடு சேர்ந்தது முரண்பட்ட தீர்ப்புகள். ஓர் அமர்வு சொன்னதை அதே பலமுள்ள இன்னோர் அமர்வு ஏற்காவிட்டால் எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போகக் கூடாது. பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும். தில்லி போலீஸ் சீனியாரிட்டி வழக்கான சப்-இன்ஸ்பெக்டர் ரூப்லால் தீர்ப்பில் (2000, 1 எஸ்.சி.சி. 644) உச்ச நீதிமன்றம் சி.ஏ.டி.யைக் கண்டித்துச் சொன்னது இதைத்தான். பெரிய அமர்வை அமைக்கும் அதிகாரம் 5(4)(டி) வழியாகத் தலைவருக்கு. அதில் குறைந்தது ஒரு நீதித்துறை, ஒரு நிர்வாக உறுப்பினர் வேண்டும்.

செக்ஷன் 19 | 15 பிப்ரவரி 2024

அப்படியானால் மூவர் அமர்வில் இரண்டு நிர்வாக உறுப்பினர், ஒரே நீதித்துறை உறுப்பினர் என்றாலும் சட்டப்படி சரியா?

வடபழனி | 16 பிப்ரவரி 2024

5(4)(டி) காப்புரையின் எழுத்துப்படி தவறில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2010 மே 11 தீர்ப்பை (ஆர். காந்தி, மெட்ராஸ் பார் அசோசியேஷன் தலைவர் வழக்கு) சேர்த்துப் படித்தால் நிற்காது என்பது என் கருத்து. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பற்றிய வழக்குதான் அது. அங்கே சொன்னது: இருவர் அமர்வில் எப்போதும் ஒரு நீதித்துறை உறுப்பினர்; பெரிய அமர்வில் தொழில்நுட்ப உறுப்பினர் எண்ணிக்கை நீதித்துறை உறுப்பினர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. நீதித்துறை சுதந்திரம் என்ற அடிப்படையில் சொன்னது என்பதால் இங்கும் பொருத்திப் பார்க்கலாம். மூவர் அமர்வு அறிவிப்பு வந்ததும் கோரத்தைப் பாருங்கள். இரண்டு ஏ இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.

அடங்கல் | 16 பிப்ரவரி 2024

ஒத்துக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. சி.ஏ.டி. சட்டத்தில் வெளிப்படையான வாசகம் இருக்கும்போது வேறு தீர்ப்பாயத்துக்குச் சொன்னதை வைத்து உத்தரவு செல்லாது என்று வாதிடுவது கடினம். அமர்வை அமைக்கும் கட்டத்தில் மாற்றச் சொல்லிக் கேட்க அது நல்ல ஆதாரம். தீர்ப்பு வந்த பிறகு உடைக்க அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஓய்வூதியர் | 20 பிப்ரவரி 2024

தமிழக அரசு ஊழியருக்கும் முன்பு இப்படி ஒரு தீர்ப்பாயம் இருந்ததே?

வடபழனி | 20 பிப்ரவரி 2024

இருந்தது. இதே 1985 சட்டத்தின் கீழ் 1988-ல் வந்தது, பிறகு கலைக்கப்பட்டது. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2003 வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் பணி நீக்கப்பட்டபோது, தீர்ப்பாயத்துக்குப் போ என்பதுதான் விதி, ஆனால் இத்தனை பேரையும் அங்கே அனுப்பினால் அதனால் நீதி வழங்க இயலாது என்று உச்ச நீதிமன்றமே ரங்கராஜன் வழக்கில் சொல்ல வேண்டி வந்தது. சட்டம் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் ஆள் போடாவிட்டால் ஊழியர் வாசலில்தான் நிற்க வேண்டும். இப்போது மாநில ஊழியர் நேரே உயர் நீதிமன்றம் போகிறார். மாநிலத்தில் பணியாற்றும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கு மட்டும் சி.ஏ.டி.

செக்ஷன் 19 | 22 பிப்ரவரி 2024

தலைவர் தனியாக அமர்ந்து இருவர் அமர்வின் விசாரணையை நிறுத்தலாமா? பிரிவு 25-ல் வழக்கை ஓர் அமர்விலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் அவருக்குத்தானே.

அடங்கல் | 22 பிப்ரவரி 2024

மாற்றலாம். மாற்று மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகத் தனியாக அமர்ந்து இருவர் அமர்வின் நடவடிக்கைக்குத் தடை போட முடியாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. தலைவர் சமமானவர்களில் முதல்வர். நிர்வாக அதிகாரம் கூடுதல், தீர்ப்பு அதிகாரம் கூடுதல் அல்ல.

ரயிலடி | 24 பிப்ரவரி 2024

ஆர்.ஏ. (தீர்ப்பாயத்திலேயே மறுபரிசீலனை மனு) போடுவதா, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதா?

அடங்கல் | 25 பிப்ரவரி 2024

உத்தரவு நகல் கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆர்.ஏ. போடலாம். ஆனால் அது சாதாரணமாக அதே உறுப்பினரிடம்தான் போகும். வாதமே இல்லாமல் கோப்புச் சுற்றிலேயே தள்ளுபடியாகலாம். எனக்கு அதிகாரம் இல்லை என்று தாமே எழுத வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்துவதைவிட ரிட் நல்லது. சந்திரகுமார்படி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு), அரசியலமைப்பின் 226, 227 பிரிவுகள். 5(6)-ஐயே செல்லாது என்று கேட்கும் எண்ணம் இருந்தாலும் தீர்ப்பாயத்தில் கேட்க முடியாது; தன்னைப் படைத்த சட்டத்தை அது ஆராய முடியாது.

எந்த உயர் நீதிமன்றம்? உத்தரவு போட்ட அமர்வு எந்த உயர் நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அது. தில்லி முதன்மை அமர்வு போட்ட மாற்று உத்தரவைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தவறு என்று 2022 ஜனவரி 6-ல் ஆலாபன் பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச்சில் வேறொரு வழக்கில் இரு நீதிபதிகள் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலைவரின் பிரிவு 25 உத்தரவை எதிர்ப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வழக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

ரிட்டில் அமர்வுக் குறையை முதல் காரணமாக எழுதுங்கள், ஓ.ஏ.வின் கோரிக்கைப் பத்தி, முதல் பக்கக் கோரம், தினசரி உத்தரவுகள் எல்லாவற்றின் சான்றிட்ட நகலும் இணைப்பில் வரட்டும். அந்த உறுப்பினருக்கு 5(6)-ன் கீழ் எந்தத் தேதி உத்தரவால் அதிகாரம் வந்தது, இன்றைக்கு நடப்பில் உள்ள வகைப்பட்டியல் எது என்று ரிஜிஸ்ட்ரிக்குத் தகவல் உரிமை மனு போட்டு இப்போதே வாங்குங்கள். மாற்றுக் கோரிக்கையாக, திருப்பி அனுப்பினால் காலக்கெடு வைத்து இருவர் அமர்வு முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் உத்தரவில் அது வராது.

வடபழனி | 25 பிப்ரவரி 2024

இடைக்கால உத்தரவு ஏதாவது இருந்ததா? ஓ.ஏ. தள்ளுபடியானதும் அது போய்விட்டது. பிடித்தம் தொடங்கும் முன் ரிட்டோடு சேர்த்துத் தனியாகத் தடை மனு போட்டுவிடுங்கள், ஓ.ஏ. மீண்டும் உயிர்பெற்றால் பழைய இடைக்கால உத்தரவும் தொடரும் என்று உயர் நீதிமன்ற உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்.